அண்ணனுக்கு எழுதிய பத்தியம்

என் அறைக்கு வருகிற யாருக்கும் எந்த நோயும் கிடையாது. எல்லோரும் "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தெரிந்தவருக்கு ரத்தம் போகிறது, தெரிந்தவரால் உட்கார முடியவில்லை. இதைச் சொல்லும்போது நாற்காலியின் ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவருக்கு வலித்தால் உங்கள் முகம் ஏன் கோணுகிறது என்று கேட்க எனக்கு வாய் துடிக்கும். கேட்கமாட்டேன். எதையும் அடக்கி வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு, இந்த ஒரு கேள்வியைப் பதினாறு வருடமாக அடக்கி வைத்திருக்கிறேன்.

நான் ஆயுர்வேத வைத்தியர். மூலம், வெடிப்பு, பௌத்திரம் என்று பெயர் சொல்லவே மனிதர்கள் கூசுகிற இடத்து வியாதிகள்தான் என் பிழைப்பு. இதில் மருந்து பாதி என்றால் சாப்பாடும் பழக்கமும் பாதி. என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வரும்போது போகிறீர்களா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறீர்களா, போனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்களா. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பேன். பிறகு பரிசோதித்துப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் அந்த ஆளுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி இரண்டு பக்கம் என் கையால் எழுதிக் கொடுப்பேன். அச்சடித்த தாளை நீட்டுகிற வழக்கம் என்னிடம் இல்லை. 'பார்க்காமல் எழுதித் தருவதில்லை' என்று வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறேன்.

அந்தப் பலகையைத் தாண்டித்தான் என் அண்ணன் ஒரு மத்தியானம் உள்ளே வந்தான்.

அண்ணன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறான். சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றான்.

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு ஒரு பிரச்சனை" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனுமா?

"ரத்தமா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும்."

"வலி?"

"வலி ஒண்ணும் இல்லையாம்."

"இல்லையாம்! சரி, அந்தத் தெரிஞ்சவர் என்ன வேலை பாக்கறாரு? பஸ் கிஸ் ஓட்டறாரா?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் சிரிப்பதைப் பார்த்து மூடிக்கொண்டான். "நீ எழுதிக் குடும்மா, போதும்" என்றான்.

கூடப் பிறந்தவனை மேஜைமேல் படுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னாலும் அவன் படுக்கப் போவதில்லை. வேறு யாரிடமாவது போய்க் காட்டு, பார்த்துவிட்டு வந்து சொல் என்றேன். "சரி சரி" என்றான். அவன் இரண்டு தடவை சரி சொன்னால் செய்யமாட்டான் என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். தெரிந்தும் பேனாவை எடுத்தேன். வலியில்லாமல் ரத்தம் போனால் அது உள்மூலமாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். இது முதல் வருடப் பாடம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு நானே வகுப்பெடுத்த பாடம்.

டிரைவருக்கு எழுதுவதென்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர். டிரிப் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் போகாமல் பத்து நிமிடம் நடை. காரம், வறுத்தது, பொரித்தது கூடாது. மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்குள், வெண்ணெய் எடுத்த மோரோடு. வாரம் மூன்று நாள் சேனைக்கிழங்கு, தினமும் ஏதாவது ஒரு கீரை. இரவில் கடுக்காய்ப் பொடி, வெந்நீரில். காலையில் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் அதில் உட்கார வேண்டும். முக்கக் கூடாது, அடக்கக் கூடாது. கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்: உட்காருவதைக் குறைக்கவும். முடிந்த நேரமெல்லாம் நிற்கவும், நடக்கவும்.

அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகும்போது, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாள். ஆறு மணிக்கு வீடு திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். நான் பிடித்துக்கொள்வேன்.

"இன்னிக்கு என்ன சமையல் அண்ணி? மிளகாயத் தள்ளி வச்சீங்களா இல்லையா?"

"வச்சுட்டேன்."

"மோர்?"

"குடிச்சாச்சு."

"குடிச்சாரான்னு கேட்டேன்."

"ம், குடிச்சாரு." அப்புறம் மெதுவாக, "எத்தன நாள்ல ரத்தம் நிக்கும்?" என்பாள். இன்னொரு நாள், "கொஞ்சம் கறுப்பா வந்தா தப்பில்லல்ல?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். நோய் இவனுக்கு, வெட்கமும் இவனுக்கு, விசாரணை மட்டும் பெண்டாட்டி மூலமாகவா? "அதை அவரையே கேக்கச் சொல்லுங்க அண்ணி, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்பேன். "சரி, சொல்றேன்" என்று வைத்துவிடுவாள்.

மூன்றாவது வாரம் ஒரு லீவு நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அண்ணன் தொப்பை கரைந்து, முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவன் மாதிரி இருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குஷியில் என் பாட்டுக்கு வழக்கம்போல அறைக்கதைகளை அவிழ்த்துவிட்டேன். கைப்பையோடு கூடவே காற்றடைத்த வளையமும் கொண்டுவரும் 'டியூப்' மாமாவைப் பற்றிச் சொன்னேன். பரிசோதனைக்குப் படுத்தபின் கண்ணை மூடிக்கொண்டால் எனக்கும் எதுவும் தெரியாது என்று நினைக்கிற கணக்கு டீச்சரைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லமாட்டேன், அந்தத் தர்மம் உண்டு. அண்ணன் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான்.

அண்ணி மட்டும் சமையலறை மேடையில் சாய்ந்து, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து உக்காருங்க அண்ணி."

"பரவால்ல, இருக்கட்டும்."

"இடம் இருக்குல்ல?"

"நிக்கறதுதான் எனக்கு நல்லது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் போன் போட்டு அதிகாரம் பண்ணுகிறேன் என்று கோபம் போலிருக்கிறது, அதைத்தான் இப்படி நின்று காட்டுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அவள் முகம் வெளுத்திருந்ததைக் கவனித்தேன். ஆவியில் நிற்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆறாவது வாரம் மறுபடி போனேன். அண்ணன் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து, "சரி, இப்பவாவது நேரா சொல்லு. ரத்தம் முழுசா நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கினான். பிறகு சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "ஏம்மா, நின்னுடுச்சா?" என்று குரல் கொடுத்தான்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

நான் அண்ணனைப் பார்த்தேன். என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கையில் இன்னொரு துண்டுக் கிழங்கை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"அண்ணிக்கா?" என்றேன்.

"நான் தெரிஞ்சவங்களுக்குன்னுதானே சொன்னேன்" என்றான். "நீதான் என்னப் பாத்துச் சிரிச்ச."

"அப்ப இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? ஆறு வாரமா உனக்கில்லாத நோய்க்குப் பத்தியம் இருந்திருக்கியே, நீ மனுஷனா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நோய் ஒண்ணுதானே, யார் பேர்ல எழுதினா என்னன்னு நினைச்சேன். நான் சாப்பிட்டாத்தான் அவளும் சாப்பிடுவா. தனக்குன்னு தனியா அடுப்பு பத்த வைக்கற ஆளா அவ?"

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

சமையலறைக்குப் போனேன். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் எழுதிய தாள் மேடைக்கு மேலே, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. எண்ணெய் பட்டு ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. கடைசி வரிக்கு நான் போட்ட அடிக்கோட்டுக்குக் கீழே அவள் இன்னொரு கோடு போட்டிருந்தாள்.

"அண்ணி, நீங்க வேலையில எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

"ஒம்பது மணி நேரம். ஆர்டர் இருந்தா பத்து."

"உக்காரவே மாட்டீங்களா?"

"இஸ்திரி மேஜைக்கு ஸ்டூல் கிடையாது."

"வீட்டுக்கு வந்து?"

அவள் தாளைப் பார்த்தாள். "அதான் நீங்க நிக்கச் சொல்லியிருக்கீங்களே. பஸ்ல இடம் கிடைச்சாக்கூட நான் உக்காரறதில்ல."

ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வருகிற பெண்ணை, வீட்டிலும் நில், சாப்பிடும்போதும் நில் என்று ஆறு வாரம் நிற்க வைத்திருக்கிறேன். கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டு.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வீட்டுல இருந்தா குடிப்பேன். அங்க குடிச்சா போகணும். முப்பது பேருக்கு ஒரே பாத்ரூம் அட்டை. அது ஆணியில தொங்கினாத்தான் போகலாம். எப்பப் பாத்தாலும் யார் கழுத்துலயாவது இருக்கும்."

"பொடி?"

"அதைச் சாப்பிட்டா வேலை நேரத்துல வருது. அதனால லீவு நாளைக்கு முந்தின நாள் மட்டும்."

இஸ்திரிப் பிரிவு என்று பதினான்கு வருடமாகத் தெரியும். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று துருவுகிறவள் நான். அவள் கையைப் பிடித்து விரல் நகங்களைப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பயம் அப்போதுதான் வந்தது. மூன்று மாதமும் ஆறு வாரமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து மாதம்.

"கிளம்புங்க. என் அறைக்குப் போய்ப் பாத்துடலாம். இப்பவே."

"வேணாம்."

"ஏன் வேணாம்? நான் பொம்பளதானே? இதுல என்ன வெக்கம்?"

அண்ணி கையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் பேசினாள். "நீங்க பேர் சொல்லமாட்டீங்க, தெரியும். ஆனா எனக்கு என்ன பேர் வைப்பீங்கன்னு நினைச்சேன். இஸ்திரிப் பெட்டியா? அடுத்த விசேஷத்துக்கு எல்லாரும் சாப்பிட உக்காரும்போது சிரிக்கறதுக்கு நான் வேணாம்."

நான் பேசத் தெரியாதவள் இல்லை. அப்படியெல்லாம் செய்வேனா அண்ணி என்று கேட்கலாம். செய்திருப்பேன். கொஞ்சம் மாற்றி, வேறு தொழில் வைத்து, நன்றாகவே சொல்லியிருப்பேன்.

"வேற யார்கிட்டயாவது காட்டறீங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் உள்ளயே வரமாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் எதுவும் கேக்கவும் மாட்டேன். ஆனா இன்னிக்கே காட்டணும்."

அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். "போலாம்மா" என்றான். அதை மட்டும் சொன்னான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

எனக்குத் தெரிந்த பெண் சர்ஜன் ஒருவர் இருக்கிறார். என் அறையிலிருந்து நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. என் பொடிகளையும் கிழங்கையும் பற்றி அவர் அபிப்பிராயம் என்ன என்பது எனக்குத் தெரியும். அவர் கத்தியைப் பற்றி என் அபிப்பிராயம் அவருக்கும் தெரியும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே போவது என்று இன்னொரு நாளாக இருந்தால் யோசித்திருப்பேன். அன்றைக்குக் காத்திருக்கிற பெஞ்சில் மற்ற சொந்தக்காரர்களோடு ஒட்டி உட்கார்ந்தேன். பதினாறு வருடத்தில் மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கொடுமை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அண்ணன் பக்கத்தில் ஸ்டியரிங் இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாத மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தான்.

இருபது நிமிடம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை அடையாளம் கண்டு நின்றார்.

"நீங்களா கூட வந்திருக்கீங்க? வெளிய இருக்கற நாத்தனார்கிட்ட அவங்களே சொல்லச் சொல்லிட்டாங்க. இது மூலமே இல்ல. கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சதை வளர்ந்திருக்கு. அதுதான் கசியுது. உள்ள குழாய் விட்டு முழுசா பாக்கணும், எடுக்கணும், டெஸ்டுக்கு அனுப்பணும். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இவ்வளவு நாள் யார் பாத்தது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?" அவர் புருவம் ஏறியது. "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

அவர் திட்டியிருக்கலாம். பெஞ்சில் இருந்த எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நாளைக்கே சேத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்தச் சதையை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் என் அறையைப் பூட்டி வைத்தேன். வருகிறவர்களிடம் துருவித் துருவிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அண்ணன் லீவு போட்டுவிட்டு வீட்டில் சமைத்தான். உப்புப் போட்டானா என்று அவனுக்கே தெரியவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனேன். அண்ணி வாங்கிக்கொள்வாள். அதிகம் பேசமாட்டாள். நானும் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அண்ணனுக்குத் தெரியும். "பாவம், இவளுக்குத்தான் பத்தியம் இப்ப" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் சிரித்தாளாம்.

ஒன்பதாம் நாள் சர்ஜனே போனில் கூப்பிட்டார். கெட்டது எதுவும் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அப்படியே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என்மேல் இருந்த ஆத்திரம்.

அடுத்த வாரம் அண்ணி என் அறைக்கு வந்தாள். போன் செய்யவில்லை, சொல்லவில்லை. வரிசையில் மூன்றாவது ஆளாக, சர்ஜன் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இனிமேல் மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பாட்டு முறையை உங்கள் நாத்தனாரிடமே கேளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எழுதித் தர்றீங்களா?" என்றாள்.

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். புதுத் தாள் எடுத்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், முதல் வேலை என்ன, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கழிவறைக்குப் போக நேரம் இருக்கிறதா, அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது யார், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம், அதில் எத்தனை நிமிடம் வரிசையில் நிற்பதில் போகிறது, அட்டை எப்போது ஆணிக்குத் திரும்பும், மேற்பார்வையாளரிடம் டாக்டர் கடிதம் கொடுத்தால் தனி அட்டை கிடைக்குமா, ராத்திரி எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் அவளுக்கு என்ன மிஞ்சும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். சில இடங்களில் தயங்கினாள், காத்திருந்தேன். வெளியே இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் நின்றுகொண்டே பேசிய அந்த மத்தியானமும் என்னிடம் முக்கால் மணி நேரம் இருந்தது. அப்போது வெளியே ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை.